கருப்பன் கரையில் வைத்த பெட்டி

எங்கள் வீட்டு மருமகள்கள் வெளியே போவதென்றால் ஒன்று கோயிலுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்றாவதாக ஓர் இடம் உலகத்தில் இருப்பதை என் மாமியார் மீனம்மாள் ஒப்புக்கொண்டதே இல்லை. நான் பரமக்குடியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தவள். படித்து என்ன கண்டேன்? ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, கடல்காற்று மட்டும் இஷ்டத்துக்கு வந்து போகிற செவ்வூரணியில், கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து முண்டு மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். கையும் எரியும், வயிறும் எரியும்.

என் புருசன் பூமிநாதன் கல்யாணமான கையோடு சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். போன் கூடத்தில் இருந்தது, போனுக்குப் பக்கத்தில் மாமியார் இருந்தார். புருசன் பெண்டாட்டி பேசுகிற பேச்சா அது? "சாப்டியா?" "சாப்டேன்." "மழை பேஞ்சுச்சா?" "பேயல." கலெக்டர் ஆபீசுக்குத் தகவல் கொடுக்கிற மாதிரி இருக்கும்.

2007-ஆம் வருடம், தைப்பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னார்.

"ஜியோகேச்சிங்னு பேரு. ஒருத்தன் ஒரு டப்பாவ எங்கயாச்சும் ஒளிச்சு வச்சுட்டு, அந்த எடத்தோட நம்பர இன்டர்நெட்டுல போட்டுருவான். சேட்டிலைட்டப் பாத்து வழி சொல்ற மெசின் இருக்கு. அத வச்சுக்கிட்டு நம்ம போயித் தேடணும்."

"கண்டுபிடிச்சா என்ன தருவாக?"

"ஒண்ணும் தரமாட்டாக. உள்ள இருக்க பேப்பர்ல நம்ம பேர எழுதிட்டு, ஒரு சாமானப் போட்டு ஒரு சாமான எடுத்துக்கிட்டு, டப்பாவ இருந்த எடத்துலயே வச்சுட்டு வந்துரணும். அப்பறம் எப்படிப் போனோம், என்னத்தப் பாத்தோம்னு இன்டர்நெட்டுல எழுதணும். மத்தவக படிப்பாக."

வேலை மெனக்கெட்டவன் விளையாட்டு என்று நினைத்தேன். "நீயும் ஒண்ணு வையி வீரா. நீ எழுதுறத நான் இங்கன உக்காந்து படிப்பேன்ல" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமியார் காது எட்டாத ஓர் இடத்தில் என் புருசனோடு நான் பேசலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சாப்டேன்" என்று சொல்லி போனை வைத்தேன்.

மாசியில், ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம் கோடாலித் தைலம், சோப்பு இவற்றோடு உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் மெசினையும் கொடுத்து விட்டிருந்தார். மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னடி?"

"தெச பாக்குறது அத்தை."

"தெச பாக்க மெசினு எதுக்கு? சூரியன் செத்தா போச்சு?"

நியாயமான கேள்விதான். பாம்பனில் படகுக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று என் புருசனின் அண்ணன் செல்லச்சாமி சொன்னார். மீன் பிடிக்கிற சாமான் என்று முடிவு செய்து மாமியார் என்னிடம் கொடுத்துவிட்டார்.

அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே ஒட்டுதல், செல்லச்சாமி அத்தானின் மனைவி முருகம்மாள் அக்கா. எனக்கு ஓரகத்தி. ஓரகத்தி என்றால் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் பூனை ஒன்றுதான் என்பதால் நாங்கள் ஒட்டிக்கொண்டோம். அக்காவுக்குக் கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் பிள்ளை இல்லை. ராமநாதபுரத்துப் பெண் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா, அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அடுத்த தடவை என்றாலே அத்தானுக்கு வயலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கும். தண்ணீர் இல்லாத கோடையிலும் பாய்ச்ச வேண்டியிருக்கும்.

"ஆம்பளைக்கு என்னடி சோதன? எம் மகன் என்ன சந்தையில வாங்குன மாடா?" என்பார் மாமியார். மலடி என்ற சொல்லைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி சர்வசாதாரணமாகச் சொல்வார். கமுதியில் அவருடைய தம்பி மகள் ஒருத்தி இருந்தாள். ஆவணியில் அவளை அத்தானுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டி வைத்துவிட்டு, அக்காவைச் சாயல்குடியில் அவர் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று பேச்சு முற்றிக்கொண்டிருந்தது. அக்காவின் அப்பா செத்துப் போய், தம்பி பெண்டாட்டி ஆளுகிற வீடு அது. இங்கே இருந்தாலும் சிறை, அங்கே போனாலும் சிறை. இந்தச் சிறையில் நானாவது இருந்தேன்.

பிள்ளை வரம் கேட்டுத் தீர்த்தமாட அக்காவும் அத்தானும் ராமேஸ்வரம் போனபோது, துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். மெசினை முந்தானையில் முடிந்துகொண்டேன். ராமர் பாதத்துக்குப் போகிற வழியில் யாரோ ஒரு சென்னைக்காரர் டப்பா வைத்திருப்பதாக என் புருசன் நம்பர் சொல்லியிருந்தார். தீர்த்தமெல்லாம் ஆடி, ஈரம் காய்வதற்குள் அத்தானுக்குச் சாப்பாட்டு மயக்கம் வந்து சத்திரத்தில் படுத்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்தோம்.

மெசினில் அம்புக்குறி திரும்பியது, தூரம் குறைந்துகொண்டே வந்தது. சீமைக்கருவேல முள்ளுக்குள் போய் நின்றதும், வந்தாச்சு என்று காட்டிவிட்டு அது பாட்டுக்குக் கிடந்தது. சுற்றிலும் மணலும் முள்ளும்தான். நான் குனிந்து குனிந்து இடுப்பு நொந்து நிமிர்ந்தேன்.

"ஏத்தா, இந்தக் கல்ல யாரு இம்புட்டு ஒழுங்கா அடுக்குனது? ஆடு மேய்க்கிறவனா?" என்றார் அக்கா.

கல்லை எடுத்தால் கீழே டப்பா. உள்ளே ஒரு வெளிநாட்டுக் காசு, துருப்பிடித்த ஒரு சாவி, ஊக்குகள், பெயர் எழுதுகிற தாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆளுக்கு ஒரு வளையலை உள்ளே போட்டுவிட்டு, சாவியையும் ஊக்குகளையும் எடுத்துக்கொண்டோம். இங்கிலீஷ் பெயர்களுக்கு நடுவே தமிழில் முருகம்மாள் என்று நிறுத்தி நிறுத்தி எழுதினார். அதுவரை அவர் பெயரை ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் அந்தக் கதையை எழுதினேன். அதற்கடுத்த முறை போய்ப் பார்த்தால், கீழே என் புருசன் பதில் எழுதியிருந்தார்: "அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல். முள்ளுக்குள் செருப்பில்லாமல் போகாதே." அவ்வளவுதான். அதைப் படித்துப் படித்துப் பார்த்தேன்.

பிறகு எங்கள் டப்பாவை வைத்தோம். எங்கே வைப்பது? நாங்கள் தனியாகப் போகக்கூடிய ஒரே இடம் ஊருணிக் கரை. வெள்ளிக்கிழமை கரையில் இருக்கிற கருப்பணசாமிக்கு விளக்குப் போடுகிற சாக்கில் போகலாம். பீடத்துக்குத் தள்ளி ஒரு பனை நின்றது. மண்ணைத் தோண்டக் கூடாது என்பது அந்த விளையாட்டின் விதி. பனை அடியில் டப்பாவை வைத்துக் கல்லால் மூடினோம். ராமேஸ்வரத்தில் எடுத்த சாவியையும் ஊக்குகளையும் உள்ளே போட்டோம். மூடப்போகும்போது அக்கா மடியிலிருந்து ஒரு சின்ன ரப்பர் பொம்மையை எடுத்தார். கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதற்காக வாங்கி, சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்த பொம்மை.

"இதயும் போடுறீ. கோயில் கோயிலாத் தொங்கவிட்டுச் சலிச்சுப் போச்சு. வாரவுக யாராச்சும் எடுத்துட்டுப் போகட்டும்."

அந்த இடத்து நம்பரை பிரவுசிங் சென்டரில் போய் ஏற்றினேன். பங்குனியில் மதுரையிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்து கண்டுபிடித்து, ஊருணித் தண்ணீர் இனிக்கிறது என்று எழுதினார்கள். பொம்மையை அவர்கள் எடுக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து என் புருசன், "நான் நீச்சல் பழகிய ஊருணி" என்று கீழே எழுதினார். நான் மிளகாய் கிள்ளும்போது அந்த வரியை நினைத்துக்கொள்வேன். எரிச்சல் கொஞ்சம் மட்டுப்படும்.

ஆனியில் வந்தது வினை. உச்சி வெயிலில் பெங்களூர்ப் பையன் ஒருவன் முதுகில் பையோடு வந்து, கருப்பன் கரையில் மண்டியிட்டுக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முத்தழகு பார்த்துவிட்டு, "ஏலே, எவன்டா அது?" என்று கம்போடு ஓடியிருக்கிறார். பையன் டப்பாவைப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் பறந்துவிட்டான். சற்று நேரத்தில் ஊரே கரையில் கூடிவிட்டது. கருப்பனுக்குச் சாமியாடுகிற கோடாங்கி மலையாண்டி, டப்பாவை வேப்பங்குச்சியால் திறந்தார்.

"பொம்ம, அது புள்ள. செவப்பு நூலு, அது கட்டு. ஊக்கு, அது குத்து. சாவி என்ன? பூட்டு. இது செய்வின வைப்பு. ஒரு பொம்பள வயித்தக் கட்டிப் பூட்டி வச்சிருக்காக" என்றார்.

அவர் சொன்ன கணக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. விவரம் தெரியாதிருந்தால் நானே நம்பியிருப்பேன்.

ஊரெல்லாம் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. மாமியார் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். "எம் மருமகள மலடின்னு சொன்ன வாயி அழுகிப் போகும்" என்றார். யார் வாய் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அன்று சாயங்காலமே கமுதித் தம்பிக்கு ஆள் போயிற்று: செய்வினை எடுத்தாச்சு, சம்பந்தப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம்.

மாட்டுக் கொட்டடியில் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, அது நம்ம டப்பா. சொல்லிருவோம்."

"சொல்லு. சொன்னா வைப்பு இல்லன்னு ஆயிரும். வைப்பு இல்லாட்டி கொற யாருகிட்ட? ஆவணியில என்னயச் சாயல்குடி வண்டியில ஏத்திவிட்டுட்டு நீ டாட்டா காட்டு."

"அதுக்காகப் பொய்ய..."

"ஒன்னயக் கும்புட்டுக் கேக்குறேன்டி. வாயத் தொறக்காத."

அவர் உண்மையாகவே கும்பிட்டார். என்னைவிட மூத்தவர், சாணி அள்ளிய கையோடு கும்பிட்டார். நான் என்ன செய்ய?

வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? வைத்தது யார் என்று கிளம்பினார்கள். எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவரும் கருப்பன் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார் மலையாண்டி. சும்மா செய்வினை வைக்கவில்லை என்று சொல்லச் சொல்லியிருந்தால் நான் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருப்பேன். அந்த மனுசன் எமகாதகன். "இந்த டப்பாவுல எங் கை படலன்னு சொல்லி அணைக்கணும். பொய் சொன்னவள ஆடி அமாவாசைக்குள்ள கருப்பன் எடுத்துக்கிருவான்" என்றார்.

எனக்குச் சாமி பயம் பாதிதான். அக்காவுக்கு முழுசு. கருப்பன் இருக்கிற திசையில் கால் நீட்டிப் படுக்காதவர் அவர். இரண்டு பக்கமும் கொள்ளி, நடுவில் எறும்பு என்பார்களே, அது நான்தான். உண்மையைச் சொன்னால் அக்கா வீட்டை விட்டுப் போவார். சொல்லாவிட்டால் அக்கா பொய்ச் சத்தியம் செய்தாக வேண்டும், நானும்தான். அவர் செய்யமாட்டார், கூட்டத்தில் உடைந்து அழுதுவிடுவார், அதோடு எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நான் ஒருபக்கம் பயந்தேன். வெளியே வந்துவிடட்டும் என்று ஒருபக்கம் வேண்டிக்கொண்டேன்.

அக்கா முதல் ஆளாகப் போனார். "இந்த டப்பாவுல எங் கை படல" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுச் சூடத்தை உள்ளங்கையால் அமுக்கினார். அவர் சொன்ன பிறகு நான் வேறு எதைச் சொல்ல முடியும்? நானும் அமுக்கினேன். தெருப் பெண்கள் அத்தனை பேரும் அமுக்கினார்கள். கடைசியில், வைத்தவன் அந்த முதுகுப் பை போட்ட பெங்களூர்க்காரன்தான், கூலிக்கு வந்தவன் என்று முடிவாயிற்று. பாவம், அவன் எங்கோ ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எங்கள் ஊரைப் பற்றி என்ன எழுதினானோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "டப்பாவப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்னு ஒருத்தன் எழுதியிருக்கானே, ஊருல ஆளுக வெரட்டுனாகன்னும் எழுதியிருக்கான். என்னாச்சு வீரா?" என்றார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"சாப்டேன்" என்றேன்.

"நான் என்ன கேக்குறேன், நீ என்ன சொல்ற?"

"மழை பேயல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வெளியே போகவே வழியில்லை. எவனாவது மறுபடி வைத்துவிடுவான் என்று மாமியார் எங்கள் இரண்டு பேரையும் ஊருணிப் பக்கம்கூட விடவில்லை. அக்காவுக்கு ராஜ உபசாரம் நடந்தது. உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறைதான். அக்கா அதை விழுங்குவதைப் பார்க்க எனக்குச் சகிக்காது. காலில் முள் குத்தினால் கருப்பன் என்பார். பல்லி விழுந்தால் கருப்பன். கிணற்றடியில் சாரைப்பாம்பைப் பார்த்துவிட்டு வாளியைப் போட்டது போட்டபடி வந்து, என் மேல் சாய்ந்துகொண்டு நடுங்கினார்.

"அமாவாசையோட நான் முடிஞ்சேன்டி. என் சீல ரெண்டையும் நீயே கட்டிக்க."

"பேசாம இருங்கக்கா. பொய் நான் சேந்துதான சொன்னேன்? என்னயும்தான எடுக்கணும்?"

"நீ படிச்சவ. ஒன்னய ஒண்ணும் செய்யமாட்டான்."

ஆடி அமாவாசை வந்தது. தர்ப்பணத்துக்கு ராமேஸ்வரத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் பஸ் பஸ்ஸாக ஜனம் போயிற்று. அக்கா காலையில் குளித்து, மஞ்சள் பூசி, நல்ல சேலை கட்டிக்கொண்டு சாவுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். பொழுது விழுந்தது. மறுநாள் பொழுது விடிந்தது. அக்கா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். எதையோ மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கருப்பனுக்குப் பொங்கல் வைத்தோம். செய்வினை எடுத்ததற்கு நன்றிக்கடன். வீட்டோடு போயிருந்தோம். அத்தான் சட்டையைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். தட்டில் சூடத்தை ஏற்றிவிட்டு மலையாண்டி ஒதுங்கினார். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டு உரக்கவே வேண்டினார்.

"கருப்பா, வார ஆடிக்குள்ள இவ மடியில ஒரு புள்ளயக் குடு. அதுக்கு மேலயும் இல்லாட்டி எந் தம்பி மகளக் கொண்டாந்துருவேன். அப்ப என்னயக் கோவிச்சுக்கிறாத."

அக்கா மெதுவாக மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்.

"வார ஆடிக்குத் கண்டெடுக்க இன்னொரு டப்பா இருக்காது அத்தை" என்றார்.

"என்னடி சொல்ற?"

"அந்த டப்பாவுல எங் கை பட்டுச்சு. பொம்மயப் போட்டதே நாந்தேன். வைப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வீராவும் நானும் வெளையாண்டது. படலன்னு நான் பொய்ச் சத்தியம் பண்ணேன்."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அடிப்பாவி, அமாவாச போயி..." என்றார்.

"ஆமா. அமாவாச போயிருச்சு, நான் உசுரோட நிக்கிறேன். என்னய ஏன் விட்டான்னு கருப்பனுக்குத் தெரியும். டாக்டரம்மா எங்கிட்ட ஒரு கொறயும் இல்லன்னு மூணு தடவ எழுதிக் குடுத்துட்டாக. ஒங்க மகனக் கூட்டியாரச் சொன்னாக, அவுக வரல. சரி, ஆஸ்பத்திரி வேண்டாம். இந்தா எரியுதுல்ல? எங்கிட்ட கொற இல்லன்னு சொல்லி அவுக அணைக்கட்டும். நான் இன்னிக்கே சாயல்குடிக்குப் போயிர்றேன். கமுதிப் புள்ளயக் கூட்டியாங்க."

அத்தான் அம்மாவைப் பார்த்தார், கருப்பனைப் பார்த்தார், அக்காவை மட்டும் பார்க்கவில்லை. பிறகு தட்டை நோக்கிக் கையைக் கொண்டு போனார். கை பாதியில் நின்றது. அந்த மனுசனுக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இத்தனை வருடம் பயந்திருக்கிறார் என்று அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. முதன்முறையாக அவர் மேல் இரக்கமாக இருந்தது. அக்காவுக்கு நடுக்கம் கொஞ்சமும் இல்லை.

"செல்லச்சாமி, கைய எடுறா" என்றார் மாமியார்.

"ஆத்தா..."

"எடுறாங்கிறேன்."

அத்தான் கையை எடுத்தார். யார் கையும் படாமல் சூடம் தானாக எரிந்து முடிந்தது. மாமியார் மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்தார். என்னைப் பார்த்து, "ஒன்னய வீட்டுக்கு வந்து வச்சுக்கிறேன். அந்த மெசின எடுத்து வையி, அடுப்புல போடணும்" என்றார். பிறகு கல்லின் மேல் கிடந்த சட்டையை எடுத்து உதறி மகனிடம் நீட்டினார்.

"போட்டுக்க. ராம்நாட்டு வண்டி வார நேரம். அவ கூடப் போயி டாக்டரப் பாத்துட்டு வா."

அக்கா அதற்குள் கரையிலிருந்து இறங்கி ரோட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். அத்தான் பித்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் போனார்.